பழைய பொருளுக்கு யார் பிணை?

பயன்பட்ட பொருளைப் பிறருக்குக் கொடுப்பது நம் இல்லங்களில் நெடுங்கால வழக்கம். மூத்தவன் படித்து முடித்த பாடநூல் இளையவனுக்குப் போகிறது. ஒரு வீட்டில் பழகிய தையல் இயந்திரம் மற்றொரு வீட்டிற்குப் போகிறது. கொடுக்கின்றபொழுது, "இன்னும் பல ஆண்டு உழைக்கும்" என்று ஒரு சொல்லும் சேர்த்துக் கொடுக்கிறோம். சொல்வதற்கு எளிய சொல்தான். ஆயினும் அது ஒரு பிணைச்சொல். பெறுகின்றவர் அச்சொல்லை நம்பியே பொருளை ஏற்கிறார். அப்பிணையைத் தருவதற்கு நமக்குள்ள அறிவு யாது, உரிமை யாது என்பதை இக்கட்டுரையில் ஆராய விரும்புகிறோம்.

தையல் இயந்திரம் நின்றுபோனால் ஒரு நாள் வேலை கெடும், அவ்வளவே. ஆயின் இதே வினா ஓர் உயிரை முன்வைத்துக் கேட்கப்படும் இடமும் உண்டு. இறந்தவர் ஒருவரின் மார்பிலிருந்து எடுத்த இதய முடுக்கியை, அதாவது மக்கள் வழக்கில் பேஸ்மேக்கர் எனப்படும் கருவியை, தூய்மை செய்து, சோதித்து, புதியது வாங்க இயலாத நோயாளி ஒருவருக்குப் பொருத்தலாமா? "இது இன்னும் சில ஆண்டு உழைக்கும்" என்று அவரிடம் எந்தத் துணிவில் சொல்வது? சொன்னது தவறினால் பொறுப்பு யாருடையது? பொறியியலார்க்கும் மருத்துவர்க்குமே உரிய வினாவாக இது தோன்றலாம். இதன் அடித்தளம் அறநெறியைச் சார்ந்தது என்பது நம் கருத்து.

மறு உருவாக்கம் என்பது யாது?

முதலில் சொற்பொருளைத் தெளிவு செய்துகொள்வோம். பழைய பொருளை உருக்கியோ அரைத்தோ மூலப்பொருளாக மாற்றுவது மறுசுழற்சி. கெட்ட உறுப்பை மட்டும் மாற்றி ஓட வைப்பது பழுதுபார்த்தல். மறு உருவாக்கம் என்பது இவ்விரண்டிலும் வேறானது. பொருளை முற்றிலும் பிரித்து, ஒவ்வோர் உறுப்பையும் துப்புரவு செய்து, சோதித்து, தேய்ந்தவற்றை நீக்கி, நல்லவற்றைக் காத்து, புதிய பொருளுக்குரிய தரத்தில் மீண்டும் பூட்டித் தருவதே மறு உருவாக்கம். வாகனங்களின் மின்னாக்கி, படியெடுக்கும் இயந்திரம், லாரி டயர் முதலிய பலவும் இம்முறையில் மறுவாழ்வு பெறுகின்றன.

நம் நாமக்கல் பகுதியில் லாரித் தொழிலில் இருப்போர் டயர் மறு உருவாக்கத்தை நன்கறிவர். தேய்ந்த மேற்பரப்பைச் சுரண்டி நீக்கிப் புதிய ரப்பரை ஒட்டுகிறார்கள். உள்ளே இருக்கும் கூடு பழையதே. அதனைக் 'கேசிங்' என்பார்கள். மேலே ஒட்டிய ரப்பர் புதியது என்பதை எவரும் காணலாம். கூடு எத்தனை சுமையைத் தாங்கியது, எத்தனை குழியில் விழுந்து எழுந்தது, உள்ளிருக்கும் இழைகளில் எது தளர்ந்தது என்பதை மேற்பார்வையில் காண இயலாது. மறு உருவாக்கத்தின் முழுச் சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. புதுப்பித்த பகுதி கண்ணுக்குத் தெரிகிறது. புதுப்பிக்காத பகுதியே பொருளின் ஆயுளை முடிவு செய்கிறது.

புறத்தே நன்றாயிருக்கும் பொருள் அகத்தே சோர்ந்திருக்கும் என்பதை உலகம் எளிதில் கற்றுக்கொள்ளவில்லை. 1842ஆம் ஆண்டு மே 8ஆம் நாள், பிரான்சு நாட்டில் வெர்சேல்சிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய ரயிலின் எஞ்சினில் ஓர் அச்சு முறிந்தது. பெருந்தீயில் பலர் மாண்டனர். நேற்று வரை ஓடிய அச்சு இன்று ஏன் முறிந்தது என்னும் ஆராய்ச்சி அதன்பின் வலுப்பெற்றது. செருமனியில் ஆகஸ்ட் வோலர் என்னும் பொறியாளர் ரயில் அச்சுகளின்மேல் மீண்டும் மீண்டும் சுமையேற்றிச் சோதித்தார். ஒரே முறை வரும் பெருஞ்சுமையைத் தாங்கும் இரும்பு, பல்லாயிரம் முறை வரும் சிறுசுமையால் முறிந்துபோகும் என்பது அவ்வாராய்ச்சிகளால் நிலைபெற்றது. உலோகத்திற்கும் களைப்பு உண்டு. அக்களைப்பு முகத்தில் தெரிவதில்லை.

பலரைப் பற்றிய அறிவும் ஒருவரைப் பற்றிய அறிவும்

எஞ்சிய ஆயுளை முன்னறிவதற்குப் பொறியியலார் கையாளும் வழி இரண்டு. ஒன்று, ஒரே வகைப் பொருள்கள் பலவற்றைத் தொடர்ந்து நோக்கி, எத்தனை எப்பொழுது கெட்டன என்று கணக்கெடுத்தல். மற்றொன்று, கையிலிருக்கும் ஒரு பொருளை அளந்தும் தட்டியும் ஒளியூட்டியும் அதன் இன்றைய நிலையை அறிதல். சந்தையில் பானையைத் தட்டிப் பார்த்து வாங்கும் பெண்மணி இரண்டாவது வழியைக் கையாள்கிறாள். "அந்தச் சூளைப் பானை நெடுநாள் வராது" என்று அண்டை வீட்டார் சொல்வது முதல் வழி.

முதல் வழிக்குக் கணித வடிவம் தந்தவர்களுள் சுவீடன் நாட்டு வாலோதி வைபுல் குறிப்பிடத்தக்கவர். 1951இல் அவர் வெளியிட்ட கட்டுரை, பொருள்கள் கெடும் முறையைக் கணக்கிட இன்றும் பயன்படுகிறது. பொறியியல் மாணவர்கள் பயிலும் ஒரு வளைகோடும் உண்டு. குளியல் தொட்டியின் குறுக்குத் தோற்றம் போன்றிருக்கும். புதிய பொருள்களில் சில, உற்பத்திக் குறையால் தொடக்கத்திலேயே கெட்டுவிடும். அக்காலம் கடந்தால் நெடுநாள் அமைதி. எப்பொழுதாவது ஒன்று தற்செயலாகக் கெடும். இறுதியில் தேய்மானம் மிகுந்து, ஒன்றன்பின் ஒன்றாகக் கெடத் தொடங்கும். இதன்படி நோக்கினால், தொடக்கக் காலத்தைக் கடந்து நடுக்காலத்தில் இருக்கும் பழைய பொருள், பெட்டியிலிருந்து இன்று எடுத்த புதிய பொருளைவிட நம்பத்தக்கதாகவும் இருக்கலாம். பழையது என்றவுடன் முகம் சுளிப்போர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

ஆயினும் இவ்வறிவுக்கு ஓர் எல்லை உண்டு. ஆசிரியப் பணியில் இருந்தோர்க்கு இவ்வெல்லை நன்கு தெரியும். பொதுத் தேர்வுக்கு முன், ஒரு வகுப்பில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தேறுவர் என்று ஓரளவு துணிந்து சொல்லிவிடுவோம். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். தாய் ஒருத்தி வந்து, "என் மகன் தேறுவானா, டீச்சர்?" என்று கேட்கும்பொழுது அந்தத் தொண்ணூறு நமக்கு உதவுவதில்லை. அவளுக்கு இருப்பது ஒரே மகன். அவன் தேறுவான் அல்லது தேறமாட்டான். நூற்றில் தொண்ணூறு பங்கு தேறிய மகன் என்று எவனும் இல்லை.

பழைய பொருளைப் பெறுபவரும் இத்தாயின் நிலையில் இருப்பவரே. ஆயிரம் கருவிகளை ஆராய்ந்தவர்க்குத் தெரிவது ஆயிரத்தின் இயல்பு. பெறுபவர் மார்பில் பொருத்தப்படுவது ஒன்று. ஆயிரத்தைப் பற்றிய உண்மையை ஒன்றைப் பற்றிய உறுதியாக மாற்றிச் சொல்வது, அறியாமலே நிகழும் பொய். ஆயிரத்தைப் பற்றிய உண்மையும் பயனில்லை என்று தள்ளிவிடுவது, அறிவை வீணாக்குதல். இவ்விரண்டிற்கும் நடுவே நேர்மையான சொல் எது என்பதே நாம் தேடுவது.

முடுக்கியின் வரலாறு

இதயத்தின் இயல்பான மின் துடிப்பு தடைப்பட்டவர்க்கு நாடி நிமிடத்திற்கு முப்பது, நாற்பது என்று குறைந்துவிடும். தலைசுற்றலும் மயக்கமும் வரும். திடீர் மரணமும் நேரலாம். சிறிய மின்கலமும் சுற்றும் அடங்கிய கருவியை மார்புத் தோலுக்கடியில் வைத்து, அதிலிருந்து மெல்லிய கம்பியை இதயத்திற்குச் செலுத்தித் துடிப்பை ஒழுங்கு செய்வதே முடுக்கியின் பணி.

முழுமையாக உடலுக்குள் வைக்கப்பட்ட முதல் முடுக்கி, 1958ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள், சுவீடன் நாட்டில் ஆர்னே லார்சன் என்பவருக்குப் பொருத்தப்பட்டது. அறுவை மருத்துவர் ஓகே சென்னிங். கருவியைச் செய்தவர் பொறியாளர் ரூனே எல்ம்குவிஸ்ட். புத்தம் புதிய அக்கருவி சில மணி நேரத்தில் நின்றுவிட்டது. அடுத்ததும் நெடுநாள் நிலைக்கவில்லை. லார்சன் தம் வாழ்நாளில் 20க்கும் மேற்பட்ட முடுக்கிகளை மாற்றிக்கொண்டார். தம்மைக் காத்த பொறியாளரும் மருத்துவரும் மறைந்த பின்னரும் வாழ்ந்திருந்து, 2001இல் தம் 86ஆம் வயதில் காலமானார். ஒவ்வொரு கருவியின் ஆயுளும் குறுகியதாக இருந்தும் அவர் வாழ்வு நீண்டது. கருவி நிற்கும்பொழுது அடுத்த கருவியோடு ஒருவர் அருகே இருந்தார் என்பதே காரணம். இதனைப் பின்னரும் நினைவிற் கொள்வோம்.

தொடக்கக் கால முடுக்கிகளில் பாதரசம் சேர்ந்த மின்கலங்கள் இருந்தன. அவை இரண்டாண்டளவில் தீர்ந்துபோகும். தீர்வதற்கு முன் போதிய அறிகுறியும் காட்டமாட்டா. 1970களில் லித்தியம்-அயோடின் மின்கலம் வந்தது. அமெரிக்கப் பொறியாளர் வில்சன் கிரேட்பாட்ச் இதனை முடுக்கிகளுக்குக் கொண்டுவந்தவர். இதன் ஆயுள் நீண்டது என்பதோடு வேறொரு நற்பண்பும் உண்டு. மின்கலம் தீரத் தீர அதன் உள் தடை படிப்படியாக உயர்கிறது. உடலுக்கு வெளியே வைத்த கருவியால் இதனை அளந்து, இன்னும் எத்தனை ஆண்டு வரும் என்று மதிப்பிடலாம். தன் முதுமையைத் தானே அறிவிக்கும் பொருள் என்று இதனைச் சொல்லலாம். பழைய முடுக்கியை மீண்டும் பயன்படுத்தும் எண்ணம் நடைமுறைக்கு வந்ததில் இப்பண்புக்குப் பெரும்பங்கு உண்டு.

இறந்தவர் உடலை எரியூட்டும் முன் முடுக்கியை நீக்கிவிட வேண்டும். நீக்காவிடில் வெப்பத்தால் மின்கலம் வெடிக்கும். இவ்வாறு நீக்கப்படுவனவற்றுள் பல ஆண்டு ஆயுள் எஞ்சியவையும் உள. மறுபுறம், முடுக்கி கிடைக்காமல் உலகெங்கும் ஆண்டுதோறும் 10 லட்சம் பேருக்குக் குறையாமல் இறக்கின்றனர் என்று மருத்துவ ஏடுகள் மதிப்பிடுகின்றன. ஓரிடத்தில் உழைக்கத்தக்க கருவி குப்பையிற் சேர்கிறது. மற்றோரிடத்தில் அக்கருவி இன்மையால் உயிர் போகிறது. இவ்விரண்டையும் இணைக்க முயன்றவர்களின் பணி மூன்று இடங்களில் நன்கு பதிவாகியுள்ளது.

கனடாவில் மான்ட்ரியால் இதய நிறுவனத்தார், பயன்பட்ட முடுக்கிகளையும் இதய அதிர்வுக் கருவிகளையும் தூய்மை செய்து மெக்சிகோ, குவாத்தமாலா, ஒண்டுராசு, டொமினிக்கன் குடியரசு ஆகிய நாடுகளின் ஏழை நோயாளிகளுக்கு அனுப்பி, பெற்றவர்களைப் பதிவேட்டில் தொடர்ந்து குறித்து வந்தனர். 2020இல் அதன் முடிவு வெளியாயிற்று. பழைய கருவி பெற்ற 1,051 பேரில் ஈராண்டுக்குள் நோய்த்தொற்று ஏற்பட்டவர் நூற்றுக்கு 2.0, கனடாவில் புதிய கருவி பெற்ற 3,153 பேரில் நூற்றுக்கு 1.2. பிற வேறுபாடுகளையும் கணக்கிற்கொண்டு நோக்கியபொழுது, பழமையினால் தொற்று மிகுந்தது என்று சொல்ல இடமில்லை. தொற்றினால் இறந்தவர் எவரும் இல்லை.

நம் நாட்டிலும் இது நிகழ்ந்துள்ளது. அமெரிக்காவில் எடுக்கப்பட்ட இதய அதிர்வுக் கருவிகளுள், குறைந்தது மூன்றாண்டு ஆயுள் எஞ்சியவை என மதிப்பிட்டவற்றைத் தெரிந்தெடுத்து மும்பைக்குக் கொணர்ந்து 81 ஏழை நோயாளிகளுக்குப் பொருத்தினர். 2012இல் வெளியான அவ்வாய்வின்படி, அவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர்க்கு இதயம் ஆபத்தான முறையில் துடித்த வேளையில் கருவி தன் கடமையைச் செய்தது. மீண்டும் மாற்ற நேர்ந்த கருவிகள் சராசரியாக மூன்றரை ஆண்டு உழைத்திருந்தன. மூன்றாண்டு என்று மதிப்பிட்டவர்களின் கணக்குப் பெருமளவு மெய்யாயிற்று.

அளந்ததும் அளக்காததும்

மூன்றாவது பதிவையே நாம் மிகவும் எண்ணிப் பார்க்கிறோம். பழைய முடுக்கிகளைப் பற்றிப் பல நாடுகளில் நடந்த 18 ஆய்வுகளை அமெரிக்க மருத்துவர்கள் ஒருங்கே தொகுத்து 2011இல் வெளியிட்டனர். மொத்தம் 2,270 நோயாளிகள். தொற்று, புதிய கருவியைவிடக் குறிப்பிடத்தக்க அளவில் மிகவில்லை. கருவி கோளாறுற்றது ஆயிரத்தில் ஏறத்தாழ 7 பேருக்கு. எண் சிறிதே. எனினும் புதிய கருவியோடு ஒப்பிட்டால் இவ்வாய்ப்பு ஐந்து மடங்குக்கும் மேல்.

காரணம் யாதென ஆராய்ந்தபொழுது, முதன்மையாகத் தென்பட்டது மின்கலமன்று. கம்பியைக் கருவியோடு இறுக்கிப் பிடிக்கும் சிறு திருகாணி! பழைய கருவியை உடலிலிருந்து கழற்றும்பொழுது அத்திருகாணி பழுதுற்றிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து.

இதனைச் சற்று நின்று நோக்குவோம். எல்லாருடைய கவனமும் மின்கலத்தின்மேல் இருந்தது. அதனை அளக்கக் கருவி இருந்தது, ஆதலால் அளந்தனர், அளவும் பொய்க்கவில்லை. குறை வந்த இடம் முதுமையாற் கெட்ட இடமும் அன்று. ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறும் வேளையில், கழற்றியவரின் அவசரத்தால் அல்லது கவனக் குறைவால் நேர்ந்த ஊறு அது. முன்னர்க் கூறிய வளைகோட்டின்படி தொடக்கக் காலத்தைக் கடந்துவிட்ட கருவிதான். கழற்றிப் பூட்டியவுடன் அதற்குத் தொடக்கக் கால ஆபத்து மறுபடியும் வந்துவிட்டது.

இங்கே பொறியியலும் அறநெறியும் ஒன்றாகின்றன. நாம் எதை அளக்க வல்லோமோ அதைப் பற்றியே பிணை கொடுக்கிறோம். கேட்பவரோ முழுப் பொருளுக்கும் பிணை கொடுத்ததாகக் கொள்கிறார். பள்ளியில் ஆண்டு முடிவில் பழைய பாடநூல்களைத் திரட்டி ஏழை மாணவர்க்கு வழங்கும் வழக்கம் இருந்தது. அட்டை நன்றாயிருக்கும், தையலும் உறுதியாயிருக்கும். நடுவே நான்கு தாள்கள் இல்லாதது, பாடம் அங்கே வரும் நாளில்தான் தெரியும். ஆதலின் பக்க எண்ணை ஒவ்வொன்றாகப் பார்த்த பின்பே நூலைக் கொடுப்பது என்று ஆசிரியர்கள் நாங்கள் விதி வகுத்துக்கொண்டோம். அட்டையைத் துடைப்பது எளிது. பக்கத்தை எண்ணுவது சலிப்பூட்டும் வேலை. பெறும் மாணவனுக்குப் பயன்பட்டது அச்சலிப்பான வேலைதான்.

தடைகளும் விடைகளும்

இனி, இவ்வகைக் கொடையை மறுப்போர் எழுப்பும் தடைகளை நேர்மையோடு எதிர்கொள்ள வேண்டும்.

முதல் தடை: "உம் தாய்க்கு இதனைப் பொருத்துவீரோ? மாட்டீர் எனின், பிறர் தாய்க்கு ஏன்?" கேட்டவுடன் நெஞ்சைத் தைக்கும் கேள்வி. எனினும் இக்கேள்வி முழுமையானதன்று. நம் தாய்க்குப் புதியது வாங்க இயலுமாயின் புதியதையே வாங்குவோம். கேட்க வேண்டிய கேள்வி, "உம் தாய்க்கு வேறொன்றும் கிடைக்காத நிலையில், நன்கு சோதித்த இப்பழைய கருவியை ஏற்பீரா, அன்றி வெறுங்கையோடு வீட்டுக்கு அழைத்துச் செல்வீரா?" என்பதே. மயங்கி விழும் தாயை வைத்துக்கொண்டு இரண்டாவதைத் தேர்வோர் அரியர்.

இரண்டாம் தடை வலிமை மிக்கது. ஒருவர் உடலிலிருந்த முடுக்கியை அமெரிக்க மக்களுள் மற்றொருவர்க்குப் பொருத்த அந்நாட்டு அரசு இசைவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட மருத்துவக் கருவிக் கொடை நெறிமுறையும், தரத்தில் இரட்டை அளவு கூடாது என்கிறது. கொடுக்கும் நாட்டில் ஏற்கப்படாதது பெறும் நாட்டிற்கு மட்டும் எவ்வாறு ஏற்கத்தக்கதாகும்? செல்வர்க்கு ஒரு நீதி, வறியவர்க்கு ஒரு நீதியா?

இத்தடையை எளிதாக ஒதுக்கிவிட முடியாது; ஒதுக்கவும் கூடாது. கொடை என்ற பெயரில், தம்மிடம் கழிந்ததை ஏழை நாட்டின் தலையில் கட்டுவோர் உலகில் இருக்கவே செய்கின்றனர். எனினும் ஒரு செய்தி: சுவீடன் வறிய நாடன்று. அங்கே 1990களில் பழைய முடுக்கிகளைத் தம் மக்களுக்கே பொருத்தினர். புதியவற்றோடு ஒப்பிட்டு ஆராய்ந்து, குறையில்லை எனக் கண்டு 1998இல் வெளியிட்டனர். தமக்குச் செய்துகொண்டதையே பிறர்க்கும் செய்தால் அங்கே இரட்டை நீதி இல்லை. ஆதலின், பழமை மட்டுமே இரட்டை நீதி ஆகிவிடாது. குறைந்த சோதனை, குறைந்த பதிவு, குறைந்த பேச்சுரிமை ஆகியவையே இரட்டை நீதி. புதிய கருவி பெற்றவர் குறை சொன்னால் நிறுவனம் விடை சொல்லக் கடமைப்பட்டது. இலவசமாகப் பெற்றவர் யாரிடம் சொல்வார்? "கொடுத்ததே பெரிது" என்ற பேச்சு அவர் வாயை அடைத்துவிடுகிறது. விலை கொடுத்தவர்க்குள்ள வழக்குரிமை அவருக்கு இன்மையால், கொடுப்பவரின் மனச்சான்று இருமடங்கு கண்டிப்பாக இருக்க வேண்டும்.

மூன்றாம் தடை: "ஆயிரத்தில் ஏழு தவறும் என்று தெரிந்தே கொடுப்பது அந்த ஏழு பேருக்கு இழைக்கும் தீங்கு அன்றோ?" இதற்கு விடை கூறுமுன் மறுபக்கத்தையும் எண்ண வேண்டும். கொடாமல் இருந்தால் ஆயிரவரும் நோயின் கையில் விடப்படுகின்றனர். கொடாதவர் கையில் கறை தெரியாது. ஏனெனில் அவ்விறப்புக்கு நோயே காரணம் என்று எழுதப்படும். தம் பெயரில் தவறு நேராமலிருப்பதையே அறம் என்று கருதுவோர்க்கு இது வசதியானது. வசதியானது என்பதால் சரியானது ஆகிவிடாது. ஆயினும் அந்த எழுவரை எண்ணிக்கையாக மட்டும் கருதும் உரிமை கொடுப்பவர்க்கு இல்லை. அவர்கள் யார் என்று முன்னரே தெரியாது. தெரியாமையினாலேயே, ஆயிரவருள் ஒவ்வொருவரையும் அந்த எழுவருள் ஒருவராகக் கருதிக் காத்துக்கொள்ள வேண்டும்.

பிணை கொடுப்பவரின் கடமை

மேற்கூறியவற்றால், பழைய பொருளுக்குப் பிணை கொடுக்கலாம் என்றும், அப்பிணை நான்கு கடமைகளோடு வர வேண்டும் என்றும் கருதுகிறோம்.

முதலாவது, வரலாறு தெரியாத பொருளைக் கொடாமை. எந்த ஆண்டில் செய்தது, எந்த எண்ணுடையது, குறைபாடு கண்டு உற்பத்தியாளர் திரும்பப் பெற்ற வரிசையைச் சேர்ந்ததா என்பதை அறியாமல், தோற்றம் நன்றாயிருக்கிறது என்பதற்காகக் கொடுத்தல் தகாது. ஐயத்திற்குரியதைக் கழித்துவிட வேண்டும். "வீணாகிறதே" என்னும் வருத்தம் இங்கே இடம்பெறலாகாது.

இரண்டாவது, அளக்க எளியதோடு நின்றுவிடாமை. மின்கலத்தை அளந்தவர் திருகாணியையும் திருகிப் பார்க்க வேண்டும். உறையில் கீறல் உண்டா என்று உருப்பெருக்கியால் நோக்க வேண்டும். சென்ற முறை எங்கே தவறியது என்பதை மறைக்காமல் எழுதி வைத்தால்தான் அடுத்தவர் அவ்விடத்தைப் பார்ப்பார். திருகாணியைப் பற்றி இன்று நமக்குத் தெரிகிறதென்றால், பல ஊர்களின் மருத்துவர்கள் தம் தோல்விகளை வெளிப்படையாக எழுதியதே காரணம்.

மூன்றாவது, பெறுபவரிடம் அவர் மொழியில் உண்மையைச் சொல்லுதல். "இது ஒருவர் உடலில் இருந்தது, தூய்மை செய்து சோதித்தோம், இவற்றைப் பார்த்தோம், இவற்றைப் பார்க்க இயலவில்லை, ஆயிரம் பேரில் சிலருக்குத் தவறியிருக்கிறது, வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு" என்று சொல்ல வேண்டும். எழுத்தறியாதவரிடம் கைநாட்டுப் பெற்றுக்கொண்டு, சொல்லிவிட்டதாகக் கணக்கெழுதுவது சொன்னதாகாது. மாணவனுக்குப் பாடம் புரிந்ததா என்று அவன் வாயாலேயே சொல்லச் செய்து அறிவது போல, நோயாளியும் தம் சொற்களில் திருப்பிச் சொல்லும் வரை விளக்க வேண்டும்.

நான்காவது, கொடுத்த பின்னும் உடனிருத்தல். எஞ்சிய ஆயுள் ஐந்தாண்டு என்று கணித்துக் கொடுத்த கருவி ஐந்தாம் ஆண்டில் முதுமையை அறிவிக்கத் தொடங்கும். அதனைக் கேட்பதற்கு ஒரு மருத்துவர் வேண்டும். மாற்றுவதற்கு மற்றொரு கருவி வேண்டும். எண்பது வயதினருக்கு ஐந்தாண்டு நீண்ட காலமாக இருக்கலாம். முப்பது வயதுத் தாய் ஒருத்திக்கு, அவள் குழந்தை பள்ளிக்குச் செல்லும் காலத்திலேயே அது முடிந்துவிடும். அவ்வாறாயின் அவளுக்குக் கொடுக்கும் நாளிலேயே அடுத்ததற்கும் பொறுப்பேற்க வேண்டும். ஆர்னே லார்சன் நெடுங்காலம் வாழ்ந்தது இப்படித்தான்.

இந்நான்கனையும் நோக்கினால், முன்னறிதல் என்பதன் உண்மைப் பயன் தெளிவாகும். நாளை நிகழ்வதை உறுதியாகச் சொல்வதற்காக நாம் கணக்கிடுவதில்லை. எங்கே தவறக்கூடும், எப்பொழுது தவறக்கூடும் என்று அறிந்து, அங்கே அப்பொழுது ஆயத்தமாக இருப்பதற்கே கணக்கிடுகிறோம். "இன்னும் ஐந்தாண்டு வரும்" என்பது, சொல்லிவிட்டு விலகிச் செல்பவர் வாயில் வெறும் ஊகம். நான்காம் ஆண்டில் தேடி வந்து பார்ப்பவர் வாயில் அதுவே பிணை.

நம் குடும்பங்களில் முடுக்கி பொருத்திக்கொண்ட முதியோர் பலர் உள்ளனர். அவர்கள் பிள்ளைகளுக்கு ஒரு சொல். கருவியோடு தரும் அடையாள அட்டையைப் பத்திரமாக வையுங்கள். பொருத்திய நாள், எண், பின்னர்ச் சோதித்த நாள்கள் யாவற்றையும் ஒரு தாளில் குறித்து வாருங்கள். அவர்கள் நலமாயிருக்கும் காலத்து மருத்துவர்க்கும் அது உதவும். அவசர காலத்தில் அயலூர் மருத்துவமனைக்கும் உதவும். இறுதிக் காலத்தில் கருவியை நீக்கி என்ன செய்வது என்பதைப் பற்றி அவர்களிடமே பக்குவமாகக் கேட்டு வைத்துக்கொள்வதும் நன்று. நீக்கும் வேளை வரும்பொழுது, நீக்குபவரிடம் நிதானமாகச் செய்யுமாறு சொல்லுங்கள். கருவி எங்கே போகும் என்பது அன்று தெரியாதிருக்கலாம். திருகாணி கெடாமல் கழற்றுவதற்கு அது தெரிந்திருக்க வேண்டுவதில்லை.